பின் சில்லுக்குப் பாரம்

நவம்பர் முதற்கிழமை வந்தால் றெமிஜியஸ் மார்க்கம் வீதித் தமிழ்க் கடையில் நாற்பது றாத்தல் அரிசிப் பைகள் ஆறு வாங்குவார். அவை வீட்டுக்குள் போவதில்லை. வானின் பின்கதவைத் திறந்து, கடைசி இருக்கைக்குப் பின்னால், சில்லுகளுக்கு நேர் மேலே, கீழே மூன்றும் மேலே மூன்றுமாக அடுக்கி, பழைய போர்வையொன்றால் மூடிவிடுவார். அது பின் சில்லு இழுக்கிற பழைய வான். பின்னால் பாரம் இல்லாவிட்டால் பனியில் வாலை ஆட்டும். மற்றவர்கள் இதற்கென்றே விற்கிற மண் மூட்டைகளை வாங்கிப் போடுவார்கள். குளிர் முடிந்த பிறகு மண்ணை என்ன செய்வது என்பது றெமிஜியஸின் கேள்வி. அரிசியென்றால் ஏப்ரலில் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்ச் சமைக்கலாம். நாலு மாதம் உறைந்து கிடந்த அரிசியில் வண்டும் வராது.

பதினான்கு குளிர்காலம் அப்படித்தான் ஓடியிருந்தது. ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா. அங்கே விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய சமையற்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. ஏழு மணிக்குத் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு தட்டுகள் ஓடுகிற பெல்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். வீதி நன்றாக இருந்தால் முக்கால் மணித்தியாலம், பனி கொட்டினால் ஒன்றரை. அதனால் குளிர் நாட்களில் ஐந்து இருபதுக்கே வான் வெளிக்கிடும். கூட வருகிறவர்கள் மூன்று பேர். தட்டுகளில் கோழித்துண்டு வைக்கிற பஸ்ரியன், பழம் வெட்டுகிற யோகமலர், குளிரறையில் ட்ரொலி தள்ளுகிற கிளிபோட். கிளிபோட்டுக்கு முப்பத்திரண்டு வயது. மற்ற எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். றெமிஜியசுக்கு அறுபத்தொன்று.

இந்த ஜனவரியில் அந்த அரிசியில் கை வைத்தது அவருடைய மனைவி செலீன்.

செபஸ்தியார் பெருநாளுக்கு ஊர்ச்சனம் மண்டபம் எடுத்துச் சமைப்பது வழக்கம். இந்த முறை அரிசி றெமிஜியஸ் வீட்டுப் பொறுப்பு. சமையலை நடத்துகிற மரியரட்ணம் எதையும் பத்து நாளைக்கு முதலே கராஜுக்குள் சேர்த்துவைத்தால்தான் நித்திரை கொள்ளுகிற ஆள். புதன்கிழமை பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்தப் பக்கம் வந்தனான். அரிசியை ஏத்திக்கொண்டு போவமே?"

செலீன் இன்னும் அரிசி வாங்கியிருக்கவில்லை. றெமிஜியஸ் வேலையால் வந்து மேலே படுத்திருந்தார். வந்த மனுசனை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பனி இல்லையென்று ரேடியோவில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வான் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேருமாக ஆறு பையையும் மாற்றினார்கள். போர்வையை அவள் பழையபடி விரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை புதிதாக வாங்கி வைத்தால் சரி என்று நினைத்தாள். புருசனிடம் சொல்ல நினைத்திருந்தாள். அவர் எழும்பி வந்தபோது இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள், மறந்துபோனாள்.

வியாழன் விடியப் பனி கொட்டியது.

அன்று பின்னேரம் பஸ்ரியனும் றெமிஜியசோடு வீட்டுக்குள் வந்தான். வழமையாக அவன் தெருமுனையில் இறங்கிப் போய்விடுவான்.

"அக்கா, ஒரு தேத்தண்ணி போடுங்கோ. சீனி கூட. உயிரோடை வந்திருக்கிறம்."

"என்ன நடந்தது?"

"உவன் பகிடிக்காரன்," என்றார் றெமிஜியஸ், சப்பாத்தைக் கழற்றியபடி. "எயர்போட் பக்கம் இறங்கிற வளைவிலை கொஞ்சம் சறுக்கிப்போட்டுது."

"கொஞ்சமோ? அக்கா, நாங்கள் மிசிசாகாவுக்குப் போய்க்கொண்டிருந்தனாங்கள். ஒரு சுத்து. பாத்தால் வான் ஸ்காபரோவைப் பாத்துக்கொண்டு நிக்குது. வேலைக்குப் போக விருப்பமில்லாதது நான் மட்டுமெண்டு நினைச்சன், வானுக்கும்தான்!"

"ஐயோ. ஆருக்கும் அடிகிடி பட்டதே?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஸ்னோக் கும்பியிலை போய்ப் புதைஞ்சு நிண்டது. யோகமலரின்ரை சம்பல் பெட்டி திறந்து கிளிபோட்டின்ரை புது ஜக்கெற் முழுக்கச் சம்பல். குளிரறை முழுக்க இண்டைக்கு உள்ளி மணம். பின்னாலை வந்த ட்றக்குக்காரன் தள்ளி நிப்பாட்டினதாலை தப்பினம். செபஸ்தியார்தான் காப்பாத்தினவர். என்ரை பேர்காரர் என்னை விடுவாரே?"

செபஸ்தியாரின் பேரைச் சுருக்கி வைத்த பஸ்ரியன் சிரித்தான். செலீன் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல் நின்றாள்.

அவன் போன பிறகு றெமிஜியஸ் மேசையில் இரண்டு கையையும் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வடிவாத்தான் பிடிச்சனான், செலீன். நாப்பதிலைதான் இறங்கினனான். பதினாலு வருசமா இறங்கிற வளைவு. ஸ்ரியறிங் என்ரை கைக்கு வரேல்லை. கை பிந்திப்போச்சு."

பின்கதவைத் திறந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அரிசி எப்போதும் அங்கேதான் இருந்தது.

"முதல்லை சாப்பிடுங்கோ," என்றாள் செலீன்.

வெள்ளிக்கிழமை அவர் வேலையால் வந்து படுத்த நேரத்தில், மகள் ஸ்டெபனியின் காரில் ஆறு பை வந்து இறங்கியது. ஸ்டெபனி பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். தாயை விட ஒரு சாண் உயரம். பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வான் பக்கம் நடந்தபடி கேட்டாள்:

"அம்மா, வை ஆர் வி ஹைடிங் றைஸ்?"

"ஒளிக்கேல்லை. இருந்த இடத்திலை வைக்கிறம்."

"ஜஸ்ற் ரெல் ஹிம். அப்பா கத்தமாட்டார்."

"கத்தினால் பரவாயில்லையடி. நாலு பேரின்ரை உயிர். ஊர்ச்சனம் அறிஞ்சால் என்ன சொல்லும்? இவளுக்குப் பெருநாள் அரிசிதான் பெரிசாப் போச்செண்டு சொல்லாதே?"

"அப்ப எப்ப சொல்லப்போறீங்கள்?"

"சொல்லுறன். நீ கெதியா வை. எழும்பப்போறார்."

அவள் சொல்லவில்லை. சனி போனது, ஞாயிறு போனது. திங்கள் றெமிஜியஸ் கண் வைத்தியரிடம் போனார். கண்ணில் பிழை இல்லை, வயதுக்கு ஏற்ற கண் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நல்ல சேதி அவரை இன்னும் வாட்டியது.

"கண் சரியெண்டால் மூளைதான் பிந்துது," என்றார்.

செவ்வாயிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு வேலை தொடங்கினார். கை எவ்வளவு பிந்துகிறதென்று அளக்கிற ஒரு பரிசோதனை, போனில் எங்கோ பார்த்திருக்கிறார். ஸ்டெபனி தன் பள்ளிக்காலத்து முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சொல்லாமல் கைவிட வேண்டும். அவர் இரண்டு விரலால் பிடிப்பார். எந்த இடத்தில் பிடித்தார் என்று கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார்.

"இருபத்திரண்டு. பிந்திப்போச்சு. இன்னொருக்கா விடு."

"அப்பா, யூ ஆர் ஃபைன். நான் செய்தாலும் உதேதான் வருது."

"நீ எனக்காகச் சொல்லுறாய். விடு பிள்ளை."

அடிமட்டம் விழுந்துகொண்டிருந்தது. செலீன் சிங்கில் சட்டி தேய்த்துக்கொண்டு நின்றாள். அவர் பிடிக்கத் தவறி அது தரையில் படுகிற ஒவ்வொரு முறையும் அவளுடைய தோள் சுருங்கியது. ஸ்டெபனி தகப்பனின் தலைக்கு மேலால் தாயைப் பார்த்தாள். தாய் சட்டியைப் பார்த்தாள்.

வியாழன் சாப்பிடும்போது அவர் முடிவைச் சொன்னார்.

"பங்குனியோடை வேலையை விடப்போறன். வானையும் விப்பம். பஸ்ஸிலை போறதெண்டால் ஏழு மணிக்கு அங்கை நிக்கேலாது. காணும், இவ்வளவு நாள் ஓடினது. நீரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீர்?"

உண்மைதான். பத்து வருடமாகக் கேட்டிருந்தாள். உறைமழை பெய்கிற விடியல்களில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவைத்து, வேலைக்குப் போய்ச் சேர்ந்த அழைப்பு வருமட்டும் அதை அணைக்காமல் இருந்திருக்கிறாள். இனி அது இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். அவள் அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அவர் அதை அளைந்துவிட்டு எழும்பினார். மீன்குழம்பை அவர் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளி இரவு யோகமலர் தொலைபேசி எடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் தொடங்கினாள்.

"அக்கா, அண்ணை பக்கத்திலை நிக்கிறாரே?"

"மேலை நிக்கிறார். சொல்லும்."

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. கிளிபோட் புதுக் கார் எடுத்திருக்கிறான். நாலு சில்லும் இழுக்கிறதாம். மாசி துவங்க அவனோடை போவமெண்டு கதைச்சனாங்கள். பஸ்ரியன் அண்ணையும் தலையாட்டிப்போட்டார். ஆனால் றெமி அண்ணையின்ரை மூஞ்சையைப் பாத்துச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. எனக்குக் கலியாணவீடு, செத்தவீடு எல்லாத்துக்கும் ஓடித் திரிஞ்ச மனுசன். நீங்கள் மெதுவா ஒருக்காச் சொல்லிவிடுவியளே?"

"என்னையோ சொல்லச் சொல்லுறீர்?"

"உங்கடை வாயாலை வந்தால் அவருக்கு நோகாது, அக்கா."

செலீன் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். வெளியே குளிர் மறை பதினொன்று பாகை. உள்ளே ஆட்டுக்கறி வாசமும் ஈர ஜக்கெற்றுகளின் வாசமும். மரியரட்ணம் வேட்டிக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு அகப்பையோடு நடந்தார். சோறு, ஆட்டுக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பூசணிக்காய், ரசம். யோகமலர் சைவம் என்றாலும் எந்த வருடமும் பெருநாளுக்கு வராமல் விட்டதில்லை. பூசணிக்காய்க் கறிக்கு மார்க் போடுவது அவள்தான். வான்காரர்கள் எல்லோரும் ஒரே மேசை. பஸ்ரியன் தன்னுடைய நாமத்திருநாள் என்று புதுச் சேட் போட்டிருந்தான்.

"இண்டைக்கு எனக்குத்தான் முதல் கறி. பேர்காரன் நான்."

"செபஸ்தியாருக்கு அம்பு குத்தினவங்கள். உங்களுக்கும் ரெண்டு குத்துவமே?" என்றாள் யோகமலர்.

"சாப்பிட்டு முடிய, பிள்ளை. வெறும் வயித்திலை வேண்டாம்."

சிரிப்பு அடங்கிய இடைவெளியில் றெமிஜியஸ் கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்தார்.

"கிளிபோட், வெளியிலை நிக்கிற உம்மடை புதுக் காரிலை நாலு பேர் தாராளமா இருக்கலாம்தானே?"

கிளிபோட் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். யோகமலர் செலீனைப் பார்த்தாள். செலீன் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் றெமிஜியஸ். "நானாத்தான் யோசிச்சனான். நாளையிலையிருந்து இவையளை நீர் கூட்டிக்கொண்டு போம். நானும் பங்குனி வரைக்கும் உம்மோடையே வாறன். என்ரை கை இனிச் சரிவராது. ஒருத்தரும் மனம் நோகக்கூடாது. நான் முதல்லையே சொல்லியிருக்கோணும்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். அவர்களுடைய முகத்தில் வந்த ஆறுதலைச் செலீன் கண்டாள். றெமிஜியசும் கண்டார். அவர் ஒரு அப்பளத்தை எடுத்து உடைத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அரிசி இருக்கேல்லை," என்றாள் செலீன்.

"இருக்கு, அக்கா, கிடாரம் நிறையக் கிடக்கு," என்றான் பஸ்ரியன்.

"அண்டைக்கு வானுக்குள்ளை அரிசி இருக்கேல்லை. முதல்நாள் நான் எடுத்து மரியரட்ணம் அண்ணையிட்டைக் குடுத்திட்டன். ஆறு பையையும். வெள்ளிக்கிழமை வேறை வாங்கி வைச்சனான், இவருக்குத் தெரியாமல். இவரின்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை. பின்னுக்குப் பாரம் இல்லாமல்தான் நீங்கள் எல்லாரும் போனனீங்கள்." மூச்சு வாங்கினாள். "நீங்கள் இப்ப சாப்பிடுறது அந்த அரிசிதான்."

பஸ்ரியன் தன் தட்டைப் பார்த்தான். கையில் உருட்டி வைத்திருந்த கவளத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டது என்ரை உயிரையோ, அக்கா?"

யோகமலருக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். கிளிபோட் "டூ ஹன்ட்றட் அன் ஃபோட்டி பவுண்ட்ஸ்" என்று தனக்குள் சொன்னான். றெமிஜியஸ் எழும்பினார். கையைக் கழுவினார், ஜக்கெற்றைப் போட்டார், வெளியே போனார்.

செலீன் போனபோது அவர் வானின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போவதற்கு நேரமாகவில்லை. கை சும்மா நிற்க மாட்டாமல் சுரண்டினார். அவளைக் கண்டும் நிறுத்தவில்லை.

"அரிசியை எடுத்தது பெரிய காரியமில்லை," என்றார் கடைசியில். "பெருநாளுக்குத்தானே எடுத்தனீர். மறந்தனீர், சரி. நான் எத்தினை நாள் அடிமட்டம் பிடிச்சனான்?"

அவள் கதவுப்பிடியில் ஒட்டிய பனியை விரலால் தட்டினாள்.

"நீர் சட்டி கழுவிக்கொண்டு நிண்டனீர். நான் விசரன் மாதிரி ஒவ்வொரு நாளும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். படுத்தால், செத்துப்போன ஐயாவின்ரை கை நடுங்கினது ஞாபகம் வரும். எனக்கும் வந்திட்டுதெண்டு நினைச்சன். உமக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சே?"

"பயந்தனான்."

"எனக்கோ?"

"முதல்லை ஊருக்கு. பேந்து..." அவள் சால்வையை இழுத்துக் காதை மூடினாள். "பேந்து நீங்கள் விடப்போறனெண்டு சொன்னியள். விட்டால் நல்லதெண்டும் நினைச்சனான். இனி விடியப்புறம் பயமில்லாமல் இருக்கலாமெண்டு. பொய் சொல்லமாட்டன். நினைச்சனான்."

சுரண்டுகிற சத்தம் நின்றது.

"பேந்தேன் இப்ப சொன்னனீர்?"

"நீங்கள் அப்பளத்தை உடைச்சு வைச்ச விதத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு."

அவர் சுரண்டியை வானின் மேல் வைத்தார். பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வால் தூக்கினவுடனை நான் பிறேக்கை அடிச்சனான். அடிக்கக்கூடாது. காலை எடுத்து, அது போற பக்கம் திருப்பிக் குடுக்கோணும். அது எனக்குத் தெரியும். பயத்திலை அடிச்சுப்போட்டன். அரிசி பாதிப் பிழை, நான் பாதிப் பிழை."

"பாதிக்குப் பாதி போட ஏலாது. என்ரைதான் கூட."

"சரி, உம்மடைதான் கூட." அவர் முகம் கொஞ்சம் இளகியது. "அந்த அடிமட்டத்தை எறியச் சொல்லும் உவளிட்டை."

மண்டபக் கதவு திறந்து மூன்று பேரும் வந்தார்கள். யோகமலர் அவர் மறந்துவிட்டு வந்த கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்தாள். எட்டி அவர் தலையில் தானே போட்டுவிட்டாள்.

"காது விழுந்துபோம், அண்ணை."

"என்ன, தீர்ப்புச் சொல்ல வந்தனீங்களோ?"

"அண்ணை," என்றான் கிளிபோட். தலையைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னால் அந்தக் காரை நான் இன்னும் ஸ்னோவிலை 401-க்குக் கொண்டு போகேல்லை. இவையள் ரெண்டு பேரையும் வைச்சு ஓட எனக்குத் துணிவில்லை. நாளைக்கு எத்தினை மணிக்கு?"

"பத்து சென்ரிமீற்றர் எண்டு சொல்லுறாங்கள். அஞ்சு மணிக்கு நில்லும்."

"அஞ்சோ?" என்றான் பஸ்ரியன். "பெருநாளுக்கு அடுத்தநாள் மனிசர் அஞ்சு மணிக்கு எழும்புறதே? நான் கிளிபோட்டோடை போறன்."

"கிளிபோட் என்னோடைதான் வாறான்."

"அப்ப நானும் அஞ்சு மணிக்கு."

திங்கள் விடிய, றெமிஜியஸ் பின்கதவைத் திறந்து போர்வையைத் தூக்கி ஆறு பையையும் பார்த்தார். திரும்பி முன்னால் வந்தால், செலீன் கம்பளிச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் இருந்தாள். அவள் வேலை செய்கிற பிள்ளைப் பராமரிப்பகத்தில் திங்கள் அவளுக்கு லீவு.

"எங்கை வெளிக்கிட்டனீர்?"

"உங்களோடை. அந்த வளைவை நான் ஒருக்காப் பாக்கோணும்."

"பாத்து?"

"பாத்தால்தான் இனி வீட்டிலை இருக்கலாம். தெரியாத இடத்தை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் பயந்தனான்."

"திரும்பி எப்பிடி வருவீர்?"

"பஸ் இருக்குத்தானே."

அவர் வானை எடுத்தார். மூன்று இடத்தில் நின்று மூன்று பேரை ஏற்றினார்கள். ஒவ்வொருவரும் ஏறும்போது செலீனைக் கண்டு ஒரு கதை சொன்னார்கள். "இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறா, எல்லாரும் பெல்ற்றைப் போடுங்கோ," என்றான் பஸ்ரியன். நெடுஞ்சாலையில் ஏறியபோது பனி கண்ணாடிக்கு நேரே பறந்து வந்தது. கோடுகள் தெரியவில்லை. முன்னால் பனி தள்ளுகிற மூன்று லொறிகள் நீல விளக்கு அடித்துக்கொண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று சற்றே விலகி, வீதியை முழுதாக அடைத்துக்கொண்டு போயின. பின்னால் நூறு வாகனங்கள் நாற்பதில் ஊர்ந்தன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. உப்புக் கற்கள் வானின் அடியில் படபடவென்று தெறித்தன. றெமிஜியஸ் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தார். இறுக்கிப் பிடிக்கவில்லை. முட்டையைப் பிடிக்கிற மாதிரித்தான் பிடித்திருந்தார்.

யங் வீதி தாண்டப் பின்னாலிருந்து ஒரு குறட்டை வந்தது. செலீன் திரும்பிப் பார்த்தாள். பஸ்ரியன் வாயைப் பிளந்தபடி. யோகமலரின் தலை ஜன்னலில். கிளிபோட் தொப்பியை மூக்குமட்டும் இழுத்துவிட்டு. மூன்று பேரும் செத்த நித்திரை.

"இஞ்சேருங்கோ," என்றாள் கிசுகிசுத்து. "இந்த ஸ்னோவுக்கை இதுகள் படுத்துக் கிடக்குதுகள்!"

றெமிஜியஸ் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வீதிக்குத் திரும்பினார்.

"அவையள் எப்பவும் நித்திரைதான். அண்டைக்குப் பிறகு ஒருத்தரும் கண் மூடேல்லை. ஒவ்வொரு விடியலும் எனக்குப் பின்னாலை ஆறு கண். ஒரு பிறேக் பிடிச்சால் மூண்டு மூச்சுக் கேக்கும். அப்பிடி ஓடேலாது, செலீன்."

ஹீற்றர் அவள் பாதத்துக்கு ஊதியது. கண்ணாடி துடைப்பான்கள் போய் வந்தன. நீல விளக்குகள் முன்னால் ஒரே அளவு தூரத்தில் அசைந்துகொண்டிருந்தன. குறட்டை ஏறி இறங்கியது. வளைவு வருமட்டும் முழித்திருக்க வேண்டுமென்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். வெளியே வெளிச்சமான ஒரு வாகனத் தரிப்பிடம். யோகமலர் சாப்பாட்டுப் பையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ரியனும் கிளிபோட்டும் பனிக்குள் தலையைக் குனிந்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, இறங்குங்கோ. வந்திட்டம்."

செலீன் வாயைத் துடைத்தாள். றெமிஜியஸ் திறப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கை அந்த வளைவு?"

"அது அப்பவே போயிட்டுது," என்றார் அவர்.